கதவை மட்டும் திறந்த சாவி

புதன், இரவு.

இன்று மாமியாருக்குக் கண் கட்டுப் பிரிக்கத் தேனிக்குப் போகவேண்டியிருந்தது. வீட்டுக்காரர் கார் சாவியைப் பாக்கெட்டில் போட்டபடியே ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் லைசென்ஸ் வாங்கியபோது, சர்ச் ஃபாதரிடம் மந்திரித்து வீட்டுக்காரர் எனக்கென்று கொடுத்த இன்னொரு சாவியை எடுத்தேன். கதவு திறந்தது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

மெக்கானிக் வந்து பார்த்தார். "சார் வெறும் சாவியாத்தான் வெட்டி வாங்கியிருக்காக, டீச்சர். வண்டிக்கு அடையாளம் காட்டுற சிப் உள்ள இல்ல. வண்டி எடுக்காது."

பஸ்ஸில் போய் வந்தோம்.

சாயங்காலம் அவரிடம் கேட்டேன். "சிப் வைக்கணும்னு கடைக்காரன் சொன்னான். நீ எங்கன ஓட்டப்போறேன்னு விட்டுட்டேன்" என்றார்.

கோபம் அவர்மேல்தான். ஆனால் எட்டு மாதமாக மாதா சுரூபத்தின் காலடியில் அந்தச் சாவியை வைத்திருந்த நான், ஒரு நாள்கூட வண்டியில் போட்டுப் பார்க்கவில்லையே.