கடை நம்பரில் நூற்றெண்பது கையெழுத்து

அன்பு மகள் சுமதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலி மட்டும் மேகம் இருட்டினால் வருகிறது, மழை பெய்யாமல் போனாலும் அது போவதில்லை. தோஹாவில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஹரியும் நோய் நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன மாதம் போனில் நீ, கைகோர்ப்பு வேலை என்னப்பா ஆச்சு என்று கேட்டாய், நான் போனை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்குப் பேசியிருந்தால் எனக்குக் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். இப்போது மனசு ஆறிவிட்டது. பக்கத்து ஊர் வீரசோழன் காதர் பாய் மகன் வெள்ளிக்கிழமை அங்கே கிளம்புகிறார், அவரிடம் சேவும் சுக்குப்பொடியும் கொடுத்துவிடுகிறேன், கூடவே நடந்ததை எல்லாம் இதில் எழுதி அனுப்புகிறேன்.

நீதான் போன லீவில் வந்தபோது, காலை வணக்கம் படம் அனுப்புற நேரத்துல இதைச் செய்யுங்கப்பா என்று என்னை இந்தக் கைகோர்ப்பில் சேர்த்துவிட்டாய். சம்பளம் இல்லை, கொடி இல்லை, போனிலேயே கோரிக்கை எழுதி போனிலேயே ஆள் சேர்த்து அதிகாரிகளுக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் அனுப்புகிற அமைப்பு என்று நான் ஊரில் விளக்கிச் சொன்னால், அதெல்லாம் சரி அண்ணாச்சி, எந்தக் கட்சி என்றுதான் எல்லோரும் திரும்பக் கேட்டார்கள். டீக்கடை ராமசுப்பு ஒருபடி மேலே போய், அண்ணாச்சி கவுன்சிலருக்கு நிக்கப் போறாக என்று பரப்பிவிட்டான். நான் எதற்கும் மசியவில்லை. காரணம் அந்தச் சாயங்கால பஸ். அருப்புக்கோட்டையில் ஆறு மணிக்கு எடுத்து, பரளச்சி தாண்டி நம் ஊருக்கு வருமே, அதை ஆள் ஏறவில்லை என்று ஆனி மாதம் நிறுத்திவிட்டார்கள். அதை விட்டால் மூன்று மணி பஸ்தான், அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது.

கட்டையை அடுக்கி மண் பூசிக் கரிமூட்டம் போடுகிற சின்னச்சாமியை உனக்குத் தெரியும், அவர் மகள் பாண்டீஸ்வரி அருப்புக்கோட்டையில் காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிறாள். காலேஜ் விடுவதே நாலரைக்கு. பஸ் நின்றதிலிருந்து அவர் தினமும் பைக்கை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வந்தார். எரிகிற மூட்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், எங்கேயாவது மண் விரிசல் விட்டால் உடனே பூசியாக வேண்டும், இல்லையென்றால் காற்றுப் புகுந்து மொத்தக் கருவேலக் கட்டையும் சாம்பலாகிவிடும். இவருக்கு இரண்டு மூட்டம் அப்படியே போனது. தீபாவளிக்கு மேல அவளை நிறுத்திருவேன் அண்ணாச்சி, எனக்கும் வேற வழியில்ல என்று நம் மளிகைக் கடையில் வைத்துச் சொன்னார், பக்கத்தில் அந்தப் பிள்ளை சோப்பு வாங்க நின்றுகொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை சுமதி. அன்றைக்கே கோரிக்கையை எழுதிப் போட்டுவிட்டேன்.

அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கையெழுத்துப் போட ஒருவருக்குப் பெயரும் போன் நம்பரும் போதும். நம் ஊரில் சிலிண்டருக்கு, ரேஷன் கார்டுக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் முக்கால்வாசிப் பேர் கொடுத்திருப்பது நம் கடை நம்பர். யாருக்கு எந்தச் செய்தி வந்தாலும் நான்தான் ஆளைக் கூப்பிட்டுச் சொல்கிறேன். அதனால் இதற்கும் எல்லோரும், எங்க நம்பரு உங்ககிட்டத்தான இருக்கு, போட்டுக்கோங்க அண்ணாச்சி என்றார்கள், நானும் ஒன்றும் யோசிக்காமல் போட்டேன். நாலு நாளில் நூற்றெண்பது பேர். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் கோரிக்கையையே காணோம். போலிக் கையெழுத்து என்று சந்தேகப்பட்டு நீக்கியிருக்கிறோம் என்று ஒரு வரி மட்டும் வந்திருந்தது. போலியாம். முப்பத்திரண்டு வருடமாகத் தராசு பிடிக்கிற கை, ஒருத்தன் எடை குறைகிறது என்று சொன்னதில்லை.

சென்னையில் ரோஷினி என்று ஒரு பெண்தான் எங்களைப் போன்ற தன்னார்வலர்களைக் கவனித்துக்கொள்கிறாள், அவளைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் பொறுமையாக, ஐயா, நூத்தியெண்பது பேரும் ஒரே ஆளுன்னு எங்க கம்ப்யூட்டர் காட்டுது என்றாள். அம்புட்டுப் பேருக்கும் நான்தாம்மா நம்பரு என்றேன். அவள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். நான் போனைக் கட் செய்துவிட்டேன். நீ போன் செய்தது அதற்கு மறுநாள்தான். ஊர்க்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று இரண்டு நாள் கடையைத் திறக்காமல் படுத்துவிட்டேன். உங்கம்மா வந்து, ஊருக்கே நம்பரு குடுத்த மகராசா, படுத்தது போதும், பாலு பாக்கெட்டு வெளிய வெயில்ல கிடக்கு, எந்திரிங்க என்று எழுப்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் அந்த ரோஷினியே கூப்பிட்டாள். மன்னிச்சிருங்க ஐயா, நான் சிரிச்சிருக்கக் கூடாது, உங்க ஊர்ல எல்லாரும் அவங்க குரல்லயே பேரைச் சொல்லி, பஸ் எதுக்கு வேணும்னு அரை நிமிஷம் பேசினா அதையே நாங்க கையெழுத்தா எடுத்துக்குறோம் என்றாள். நல்ல பெண் சுமதி, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். அன்றிலிருந்து கல்லாவுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டேன். ஒவ்வொருத்தரும் முதலில் போனைப் பார்த்து, நல்லாருக்கீகளா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்கள். சங்கரம்மாள், ஆசுபத்திரியில டோக்கனு போட்டு உக்காந்தா மூணு மணி பஸ்ஸு போயிருது, பெறகு சீட்டைக் கையில வச்சுக்கிட்டு நான் யாரு வாசல்ல படுக்க என்றாள். சரஸ்வதி, பஸ் டிப்போ மேனேஜரை வண்டை வண்டையாகத் திட்டிவிட்டாள், அதை அழித்துவிட்டு மறுபடி பேச வைத்தேன், இரண்டாம் தடவையும் திட்டினாள், போகட்டும் என்று விட்டுவிட்டேன். ராமசுப்புகூட வந்து பேசிவிட்டுப் போனான். சின்னச்சாமி மட்டும், எம்மக கதை ஊரு ஒலகத்துக்கெல்லாம் எதுக்கு என்று வரவே இல்லை.

குரல்களை அனுப்ப வேண்டிய கடைசி நாள் கடை அடைக்கிற நேரத்தில் வந்தார், கையெல்லாம் கரி. போனைத் தொடாமல் தள்ளி நின்றுகொண்டு, நான் சின்னச்சாமி, பஸ்ஸு விட்டா எம்மகளை நிறுத்த மாட்டேன், இது எஞ்சொல்லு என்றார். அவ்வளவுதான். பிறகு என்னைப் பார்த்து, இதை இனிமே அழிக்க முடியாதுல்ல அண்ணாச்சி என்று கேட்டார். முடியாது என்றேன். முடியும், ஆனால் சொல்லவில்லை.

நூற்று அறுபத்து மூன்று குரல். ரோஷினி எல்லாவற்றையும் கோத்து அனுப்பினாள், அதைக் கேட்டு வெளியூர்க்காரர்களும் பல்லாயிரம் பேர் சேர்ந்துகொண்டார்களாம். ஒரு வாரத்தில் டிப்போவிலிருந்து ஆள் வந்து விசாரித்தார், போன திங்கட்கிழமை பஸ் வந்துவிட்டது. மூன்று மாதம் ஓட்டிப் பார்ப்பார்களாம், ஆள் ஏறினால்தான் நிரந்தரம். பெண்களுக்கு இலவசம் என்றாலும் கண்டக்டர் கொடுக்கிற சீட்டு எண்ணிக்கையில் சேரும் அல்லவா, அதனால் நம் ஊர்ப் பெண்கள் இப்போது சாயங்காலம்தான் டவுனிலிருந்து திரும்புகிறார்கள். நேற்று உங்கம்மா முழங்கால் வலியோடு போய் அந்தப் பஸ்ஸில் வந்தாள், கையில் ஒரு கட்டுக் கொத்தமல்லி. கேட்டால், எண்ணிக்கைக்குப் போனேன் என்கிறாள்.

முதல் நாள் பஸ் வரும்போது சின்னச்சாமி பைக்கோடு நம் கடைக்கு எதிர் ஸ்டாப்பில் நின்றார். வரும் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை. பாண்டீஸ்வரி இறங்கினாள். அவர் பஸ் திரும்பிப் போகும் வரை அதையே பார்த்துவிட்டு, நாளையிலருந்து நான் வரமாட்டேன், நீயா வந்துரு என்றார். அந்தப் பிள்ளை முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்குக் கடைக்குள் நிற்க முடியவில்லை. நீ நர்சிங் படித்தபோது இதே பஸ்ஸில்தான் வந்தாய். முதல் வருடம் முழுக்க அருப்புக்கோட்டையிலிருந்து அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே டி.வி.எஸ்ஸில் வந்தேன் சுமதி, நீ இறங்குவதற்கு முன் சந்துக்குள் திருப்பிவிடுவேன். பாதுகாப்புக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை, உன்னை நம்பாமல்தான் வந்தேன். கரி சுடுகிற மனுஷர் ஒரே நாளில் சொன்னதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்னித்துக்கொள் அம்மா.

ஹரிக்கு என் முத்தம், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், திருச்சுழிக்குப் போகிறபோதெல்லாம் திருமேனிநாதரிடம் அதைத்தான் கேட்கிறேன். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், பதில் எழுதினால் டி.வி.எஸ் விஷயத்தை அதில் எழுதாதே. அந்த வருடம் முழுக்க டவுனுக்கு லோடு எடுக்கப் போகிறேன் என்றுதான் உங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை இப்போது முழுக்க நம்புகிற அப்பா,
ரா. சௌந்தரபாண்டியன்