முகம் தெரியாத சிரிப்பு

கண்ணா என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு.

நேற்று உன் வகுப்பு டீச்சர் பெற்றோர்களில் எங்கள் சிலரை மட்டும் கூப்பிட்டு ஒரு வீடியோவைக் காட்டினார். கழிவறைச் சுவரோரம் ஒரு பையனை நிறுத்தி, "உனக்குப் பசங்களத்தான் பிடிக்குமாமே? யாருன்னு சொல்லுடா!" என்று நாலு பேர் பிடித்துத் தள்ளுகிறார்கள். அவனுக்கு யாரைப் பிடித்தால் உங்களுக்கு என்ன?

வீடியோ எடுத்தவன் யாரென்று தெரியவில்லை என்றார் டீச்சர். முகம் இல்லை, சிரிப்பு மட்டும் கேட்கிறது. வேலையில் நாள் முழுக்க போனில் முகம் தெரியாதவர்களின் புகாரைக் கேட்பவள் நான். பெற்ற பிள்ளையின் சிரிப்பு தெரியாதா? "என் பையன்தான் மிஸ்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "நான் அவனத் தொடவே இல்லம்மா!" என்று கத்தினாய். ஆமாம், தொடவில்லை. சிரித்தாய்.

நாளை பத்து மணிக்குப் பள்ளியில் அந்தப் பையனுடைய அப்பா அம்மா முன்னால் நீயும் நானும் உட்கார வேண்டும். சட்டையை இஸ்திரி போட்டு வை.

இன்று நாலு மணிக்கு மாமா சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வருவார். டீ போட்டுக் கொடு.

இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன். மாமா பத்தாவதோடு நின்றது படிப்பு ஏறாமல் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். பொய். என் தம்பியையும் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் நிறுத்திக் கேட்டார்கள். சுற்றி நின்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

நானும் அவனைத் தொடவே இல்லை.

அம்மா