தகர வயிற்றுக் கித்தாரும் பவனியின் கடைசி வரிசையும்

பாசத்துக்குரிய என் அண்ணே,

உன் பிடில் பெட்டியைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டிருக்கிறார் மதினி. யாரும் தொடக் கூடாதாம். நானும் கேட்கவில்லை. அதனால்தான் இவ்வளவும் நடந்தது. கோபப்படாமல் கேள்.

நீ கர்த்தரிடம் போன பின்பு வந்த முதல் குருத்தோலை ஞாயிறு. பவனிக்கு முன்னால் வாசிக்க ஆளில்லை என்று சபை மூப்பர் பேண்டு கோஷ்டியைக் கூட்டிவரப் பார்த்தார். "எங்க அண்ணன் நின்ன இடத்துல நான் நிக்கேன்" என்றேன். "பொம்பளப்புள்ள முன்னால போறதா?" என்றார். "கடைசி வரிசைக்குக் கேக்கலைன்னா அடுத்த வருசம் பேண்டே வரட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றேன். நான் வாயை மூடுவேன் என்றதும் மனிதருக்கு ஆசை வந்துவிட்டது. சம்மதித்தார்.

வாத்தியத்துக்கு எங்கே போவது? போர்டிங் பள்ளியில் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவின் கித்தாரில் பழகிய விரல்கள்தான் என்னிடம் மிச்சம். ராஜபாளையத்து மில்லில் மிஷின் பூட்ட வந்த துரை சீமைக்குத் திரும்புகிறார், சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். கட்டில், மேஜை எல்லாம் போய்விட்டன. மூலையில் ஒரு கித்தார் கிடந்தது. இரண்டு தந்தி அறுந்து, வயிற்றில் சல்லடை போலத் துளை போட்ட வட்டத் தகரத்தோடு.

"வயிறு ஓட்டை போல. தகரம் வச்சு அடைச்சிருக்கு. ஒருத்தரும் சீண்டலை" என்று துரையின் சமையல்காரர் ஒரு நூல்சேலை விலைக்கே தந்துவிட்டார். எனக்கும் அது ஒட்டு என்றுதான் பட்டது.

தகரத்தை எடுத்துவிட்டால் ஆசாரியிடம் பலகை போட்டுக்கொள்ளலாம் என்று, பாத்திரத்துக்கு ஈயம் பூசும் காசிம் பாயிடம் கொண்டுபோனேன். அவர் ஆணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தார். மெல்லிய அலுமினியத்தில் கவிழ்த்த கிண்ணம் ஒன்று இருந்தது. விரலால் சுண்டினார். காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார்.

"டீச்சரம்மா, ஒட்டுப் போட்டே சாப்பிடுறவன் நான். ஒட்டு எதுன்னு எனக்குத் தெரியாதா? ஓட்டையை அடைக்க வந்த தகரத்துக்கு இம்புட்டு சிங்காரம் எதுக்கு? சத்தமே இந்தக் கிண்ணத்துலதான் இருக்கு. எடுத்தா ஊமையாப் போகும்."

கூலியும் வாங்காமல் பூட்டித் தந்தார். மதுரையிலிருந்து தந்தி வரவழைத்துக் கட்டி ஒரு மீட்டு மீட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அப்போதே தெரிந்துவிட்டது, அண்ணே, மூப்பர் தோற்றார் என்று.

ஞாயிறு காலை உன் இடத்தில் நின்றேன். தேரடி முக்கில் திரும்பும்போது பவனியின் வால் எப்போதும் அரை அடி பிந்திப் பாடுமே, நினைவிருக்கிறதா? பிள்ளைகளின் குறும்பு என்பாய். இந்த முறை பிந்தவில்லை. தலையும் வாலும் ஒரே வாயாகப் பாடின. மூப்பர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

ஆராதனை முடிந்ததும், வருஷா வருஷம் போலக் கடைசி வரிசைப் பிள்ளைகளோடு நடந்த மதினி வந்தார்.

"எஸ்தரு, இன்னைக்குக் கடைசி வரைக்கும் கேட்டுச்சு."

"அண்ணன் பிடிலும்தான் கேட்டுச்சு. வருசா வருசம் நீங்கதான மதினி சொல்வீங்க?"

மதினி குருத்தோலையைக் கிழித்துக்கொண்டே நின்றார். "ஒருநாளும் கேட்டதில்லட்டி. அவிய வேர்த்துப் போயி வந்து, கேட்டுச்சான்னு என் மூஞ்சியைப் பாப்பாக. இல்லைன்னு எப்படிச் சொல்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. உன்னை நினைத்தல்ல, அவரை நினைத்து. பதினோரு வருஷம், அண்ணே. உனக்கு எப்போதாவது சந்தேகம் வந்ததா? தெரிந்துகொண்டேதான் கேட்டாயா?

அடுத்த குருத்தோலைக்கும் முன்னால் நான்தான் நிற்பேன். அது மூப்பருக்கும் தெரியும். பவனி முடிந்ததும் உன்னைப் போலவே நேராக மதினியிடம் போய், கேட்டுச்சா என்று கேட்பேன். இனி அவர் பொய் சொல்ல வேண்டியதில்லை.

உன் இடத்தில் நிற்கும் தங்கை,
எஸ்தர்
ஸ்ரீவில்லிபுத்தூர்