பன்னிரண்டாவது பெயர்

மார்ச் 4
காலையில் பிரஷர் 152. பெரியவன் கொண்டுவந்த புது மெஷின். அவன் கம்பெனியே செய்து விற்பது. அளந்து முடித்ததும் "நூத்தி அம்பத்திரண்டு" என்று வீட்டு ஆள் மாதிரி சொல்கிறது. "எண்ணைப் பேச வைக்கிற கம்ப்யூட்டர் கோடு தங்கச்சி எழுதினதும்மா," என்றான். சின்னவள் இறந்துபோய் இரண்டு வருஷம் நாலு மாசம். மூன்று தரம் அளந்தேன்.

மார்ச் 5
அந்தக் கோடு முழுவதையும் அவள் இன்டர்நெட்டில் ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்த அன்று சண்டை போட்டேன். "கண்ணு கெட எழுதிட்டு எவனோ வித்துத் திங்கட்டும்னு குடுக்கிறியே, பைத்தியமாடி உனக்கு?" ஈரத் தலையோடு நின்று சிரித்தாள். "விக்கட்டும்மா. என் பேரும், யாரும் எடுத்துக்கலாம்னு நான் போட்ட லைசென்ஸும் கூடவே போகணும். அது ஒண்ணுதான் நிபந்தனை."

சின்னவளின் மகள் என்னோடுதான் இருக்கிறாள். அந்தப் பெயரைக் காட்டச் சொன்னேன். மெஷினோடு சேர்ந்த போன் செயலியில், யார் யார் எழுதியதை எடுத்தோம் என்று ஒரு பக்கம். பதினோரு பேர். மேலும் கீழுமாக இரண்டு தரம் தள்ளிப் பார்த்தாள். "அம்மா பேரு இல்ல பாட்டி." குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

மார்ச் 6
ஆறாம் வகுப்பில் சின்னவள் வரைந்த படத்தில் தன் பெயரை எழுதிப் பரிசு வாங்கியவன்தானே பெரியவன்? மறப்பேனா?

மார்ச் 8
வந்தான். மெஷினுக்குள் இடம் குறைவாம். கோடு முழுவதையும் சுருக்க ஒரு கருவி இருக்கிறதாம்; நடுவே எழுதி வைத்த, வேலைக்கு வேண்டாத குறிப்புகளை எல்லாம் அது வழித்துப் போட்டுவிடும். சின்னவள் தன் பெயரையும் லைசென்ஸையும் அந்தக் குறிப்பில்தான் எழுதியிருந்தாள்.

"பதினோரு பேரு பத்திரமா இருக்கே. கூடப் பொறந்தவ மட்டும் எப்படிடா போனா?"

"அவங்க பேரைத் தனி ஃபைலா வச்சிருந்தாங்க. இவ வைக்கல. நான்தான்மா பாத்திருக்கணும். அடுத்த அப்டேட்ல வந்துடும், கொஞ்சம் பொறு."

பொறுக்கணுமாம்! அன்றும் இப்படித்தான், "நாளைக்கு டீச்சர்கிட்ட சொல்லிடறேம்மா" என்றான். அந்த நாளை இன்னும் வரவில்லை.

மார்ச் 10
கம்பெனிக்குக் கடிதம். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினாள். தாய் எழுதியதற்குச் சட்டப்படி இப்போது உரிமை அவளுக்குத்தான். "மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே பாட்டி." "உன் மாமன் கிழிச்சான். எழுதுடி." நிபந்தனையை மீறிவிட்டீர்கள், எங்கள் எழுத்தை எடுத்து விற்க இனி அனுமதி இல்லை — கடைசி வரி முழுக்க என்னுடையது. இரண்டு வாட்டி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இனித்தது.

மார்ச் 11
தூக்கம் நன்றாக வந்தது.

ஏப்ரல் 2
பெரியவன் போன் செய்தான். "பேரைச் சேர்த்து எல்லாம் ரெடியா இருந்துச்சும்மா. பன்னெண்டாவதா அவ பேரு. உன் லெட்டர் கம்பெனி வக்கீல்கிட்ட போயிடுச்சு. வம்பே வேண்டாம், அந்தக் கோடு முழுசையும் தூக்கிட்டு வேற போடுங்கன்னுட்டாங்க."

"பேரு?"

"கோடு இல்லன்னா பேரு எதுக்கும்மா போடுவாங்க?"

நான்தான் போனை வைத்தேன். வாய் வரை வந்தது — யாரைத் திட்டுவது?

ஏப்ரல் 20
நேரில் வந்தான். கிளம்பும்போது வாசல் பக்கம் பார்த்துச் சொன்னான்: "அவ எழுதினதை அழிச்சது நான்தான்மா. வேற யாரையும் தொட விடல." ஐம்பது வருஷமாக அவன் செய்த ஒவ்வொரு தப்பையும் தேதியோடு வைத்திருக்கிறேன். இன்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மே 19
மெஷினுக்கு அப்டேட் வந்துவிட்டது. இப்போது "ஒன்று. நான்கு. எட்டு" என்கிறது. பேத்தி அதன் சத்தத்தை அணைத்துவிட்டாள். எண்ணை அவளே குனிந்து படித்து, "நூத்தி நாப்பத்தெட்டு" என்கிறாள்.