வி.ஏ.ஓ. வந்த அன்று நின்ற கார்

அன்புள்ள மகனுக்கு,

நீ என்னைப் பார்க்க வந்ததால் என் முதியோர் உதவித்தொகை நின்றுபோய்விட்டது.

வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்த நேரத்தில் வாசலில் உன் கார் நின்றது. அதைக்கூட வாடகைக் கார் என்று சமாளித்திருப்பேன். நீயோ தெருவே கேட்கும்படி, “அப்பாவ நான்தான் சார் பாத்துக்கினு இருக்கேன்” என்றாய். நான் இருமிப் பார்த்தேன்; நீ நிறுத்தவில்லை.

“புள்ள கார்ல வரான், ஒனக்கு எதுக்குபா கவர்மெண்ட் காசு?” என்று எதிர்வீட்டு அலமு தினமும் கேட்கிறாள். பிள்ளையிடம் கேட்க எனக்கு வாய் வராது. அரசாங்கத்திடம் கேட்பேன். அது உரிமை, நானே படித்துத் தெரிந்துகொண்டது.

ஆகவே, நீ என்னைக் கவனிப்பதில்லை என்று தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். உண்மையை எழுத உனக்குக் கை கூசக் கூடாது. தீபாவளிக்குக் காரை வாலாஜாபாத்தில் விட்டுவிட்டு, தென்னேரிக்குப் பஸ்ஸில் வர வேண்டும். அதைப் பார்த்து அலமு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

வி.ஏ.ஓ. மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். “எந்த நாள் வரட்டும் பெரியவரே?” என்று கேட்டார்.

“எந்த நாள் வந்தாலும் எம்புள்ள இருக்கமாட்டான் சார்” என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா