மன்னார்குடிக்குப் போன டேப்

என் பிரியத்துக்குரிய பஷீர் அண்ணனுக்கு,

நேற்று நீங்கள் மறைந்த நாற்பதாம் நாள் பாத்திஹா. கூத்தாநல்லூரில் உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். கும்பகோணத்தில் நம் இன்டர்நெட் ஆபீஸ் நடக்கிறது. துபாய்ப் பிள்ளைகளுக்குக் கடிதம் அனுப்ப வருகிறவர்கள் இன்னமும் "பாய் இல்லியா?" என்றுதான் கேட்கிறார்கள். கூட்டாளி என்று நான் ஒருத்தி எதிரே உட்கார்ந்திருப்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். செய்திக்குழு என்பது இன்டர்நெட்டில் ஊர் ஊராக ஆட்கள் கேள்வியும் பதிலும் எழுதும் பொதுப் பலகை. அதில் ஒருவர் எழுதினால் அது ஒரே இடத்தில் இருக்காது. இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனிகள் தங்களுக்குள் கைமாற்றி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். நமக்குச் சென்னையிலிருந்து வரும். நாம் தினமும் காலையில் மன்னார்குடி குணசேகரனின் கம்பெனிக்கு போன் லைனில் அனுப்புவோம். அவருடைய வாடிக்கையாளர்கள் எழுதியதை வாங்கி வெளியே விடுவோம்.

"எல்லாக் குழுவையும் அள்ளிப் போட்டுக்காதம்மா, நம்ம ஜனங்க படிக்கிறது போதும். ஆனா வர்றது நம்மளோட நின்னுடக் கூடாது" என்பீர்கள்.

அந்த குணசேகரன் நீடாமங்கலத்தில் கிளை திறந்து நம் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டார். எனக்கு வந்ததே கோபம்! அவருக்குப் போய்க்கொண்டிருந்த செய்திகளை நிறுத்திவிட்டேன். மன்னார்குடிக்கு ஏன் போகவில்லை என்று நீங்கள் கேட்டபோது, "அவங்க மோடம் ரிப்பேருண்ணே" என்றேன். "சரிம்மா" என்றீர்கள். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நீங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, அன்றைய செய்திகளை ஒரு கம்ப்யூட்டர் டேப்பில் பதிந்து சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

"எதுக்குண்ணே?"

"வீட்டுல ஒரு காப்பி பத்திரமா இருக்கட்டும்மா."

நம்பினேன். நீங்களும் பொய் சொல்வீர்கள் என்று யார் கண்டது?

உங்களை அடக்கம் செய்த அன்று குணசேகரன் வந்திருந்தார். செருப்புகள் குவிந்து கிடந்த வாசலில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்க லைன் ரிப்பேருன்னு மூணு வாரமா பாய்தான் டேப் கொண்டாந்தாரு மேடம். எங்க ஆபீஸ் ரெண்டாவது மாடி. பாதிப் படியில உக்காந்து மூச்சு வாங்கிட்டு வருவாரு. எங்க கஸ்டமர் ஒருத்தர், சம்சாரத்துக்குக் கிட்னி வியாதின்னு குழுவுல கேட்டிருந்தாரு. 'பதில் வந்து எங்க மெஷின்ல கெடக்கு, அந்த மனுஷன் இங்க காத்துக்கிட்டிருக்காரே'ன்னாரு பாய்."

இதயம் பலவீனம், மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். உங்களை அவரிடம் அழைத்துப் போனதே நான்தான். அந்தப் படிகளா அண்ணே உங்களை...? இதை நான் யாரிடம் கேட்பேன்? என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

"லைன் ரிப்பேர் இல்ல சார். நான்தான் நிறுத்தினேன்" என்றேன்.

அவர் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டே சொன்னார்: "தெரியும் மேடம். பாய்க்குப் பொய் சொல்ல வரல. லைனை எப்பப் போடுறீங்க?"

மறுநாள் காலையிலேயே போட்டேன். இப்போது அவருக்குப் பெங்களூரிலிருந்தும் செய்தி வருகிறது. சென்னை லைன் படுத்துக்கொண்டால் அவர் நமக்குக் கொடுக்கிறார். நீடாமங்கலத்தில் மட்டும் போட்டி போட்டிதான். அதில் நீங்களே வந்து சொன்னாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்று காலை மன்னார்குடியிலிருந்து வந்தவற்றில், மனைவியின் வியாதிக்காகக் கேட்டிருந்த அந்த மனிதர் எழுதிய இரண்டு வரி இருந்தது. அவருக்கு உங்கள் பெயர் தெரியாது. 'மாடி ஏறி வந்து பதில் கொடுத்த பாய்க்கு நன்றி. என் மனைவி தேறி வருகிறாள்' என்று எழுதியிருக்கிறார். சென்னைக்கு அனுப்பிவிட்டேன். இந்நேரம் கடல் தாண்டி, எந்தெந்த ஊர் மெஷின்களிலோ ஆளுக்கொரு பிரதியாக இருக்கும்.

இனி என் கோபத்துக்காக யாருக்கு வந்த பதிலும் நம்மிடம் முடங்கிக் கிடக்காது அண்ணே. இது சத்தியம்.

நீங்கள் காட்டிக்கொடுக்காத தங்கச்சி,
ஸ்டெல்லா