பூட்டிக்கொண்ட கம்ப்யூட்டர்

அம்மு, கம்ப்யூட்டரை நீ கெடுத்துவிட்டாய் என்று காலையில் கத்தினேன். கெடுத்தது நான்தான். நேற்று, கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பூட்லோடருக்கு அப்டேட் என்று ஏதோ வந்தது, போட்டுவிட்டேன். அதிலிருந்து ஸ்டார்ட் ஆகாமல், டிஸ்கின் பூட்டைத் திறக்க மீட்பு எண்ணைக் கேட்டுக்கொண்டே நிற்கிறது. அந்த எண்ணை அதே கம்ப்யூட்டருக்குள்தான் பத்திரப்படுத்தியிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"எண் இல்லேன்னா ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று ரிப்பேர்காரர் போனிலேயே சொல்லிவிட்டார். இருந்தாலும் தூக்கிக்கொண்டு போகிறேன். சோறு குக்கரில் இருக்கிறது, சாப்பிடு.

பி.கு. நாம் பெற்றுப் பறிகொடுத்த பாப்பாவின் வீடியோ எல்லாம் அதில்தான். "கம்ப்யூட்டர்ல இருக்கே, உன் போன்ல எதுக்கு? அழிச்சிடு" என்று போன மாதம் உன்னை அதட்டினேன். நீ போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அன்றைக்கு ஒரு தடவையாவது என் பேச்சைக் கேட்கவில்லை என்று சொல்.